பைதன் ஓடவில்லை என்றால் விண்டோஸை அழிக்க வேண்டுமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஏஎல் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் புரோகிராமிங் படிக்கத் தொடங்கியிருக்கிறார். ஜெர்மனியில் இருக்கும் மாமா தான் பாவித்த லப்டொப்பை அனுப்பியிருக்கிறார். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். பைதன் என்ற புரோகிராமிங் மொழியை மூன்று தடவை நிறுவியும், கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் பைதன் என்று தட்டினால் மைக்ரோசொப்ட் ஸ்டோர்தான் திறக்கிறதாம். எப்படியோ ஒருமாதிரி ஓடவைத்த பிறகு தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியை, அதாவது வேறு ஆட்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, போட வெளிக்கிட்டால் திரை நிறையச் சிவப்பு எழுத்து. அந்தச் சிவப்பு எழுத்தில் கேட்டிருந்த சி பிளஸ் பிளஸ் கருவிகளை இறக்கப்போய் அந்த மாதத்து டேட்டா முழுவதும் முடிந்துவிட்டது. "விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா அண்ணா?" என்று கேட்கிறார். திரையைப் போனில் எடுத்த இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

வேண்டாம், தங்கச்சி. விண்டோஸின் நிறுவல் கோப்பு மட்டுமே 5 ஜிபிக்கு மேல் வரும். அதற்குப் பிறகு அப்டேட்டுகள், டிரைவர்கள் என்று இன்னும் எத்தனையோ ஜிபி. இவ்வளவையும் செய்து முடித்து பைதன் என்று தட்டினால் மறுபடியும் அதே ஸ்டோர் திறக்கும். ஏனென்றால் உங்கள் விண்டோஸ் பழுதாகவில்லை.

கொழும்பில் ஃபைபர் இணைப்பில் இருப்பவர் "அழித்துவிட்டுத் திரும்பப் போடு" என்று சொல்வார். அவருக்கு அது அரை மணிநேர வேலை. எங்களுக்கு அது ஒரு மாதத்து ரீலோட் காசு. அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு வேறு: ஒரு எம்பி கூடச் செலவாகாத சோதனைகளை முதலில் செய்து முடியுங்கள். எதையும் இறக்குவது கடைசியில்தான். உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அந்த முதல் பகுதியிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு விஷயம்: கட்டளைகளை நான் வாசிக்கும் ஓசைப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பைதன் --வேர்ஷன் என்று தட்ட நினைத்திருக்கிறீர்கள். திரையில் விழுந்திருப்பதோ பைதன் //வேர்ஷன். இரண்டு குறுங்கோடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சாய்கோடு. அதற்குக் கீழே, அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னது யார்? பைதன்தான். அதாவது நீங்கள் இந்தப் படத்தை எடுத்த நேரத்தில் பைதன் உங்கள் லப்டொப்பில் இருந்தது, ஓடியும் இருக்கிறது. அதைத் தோல்வி என்று நினைத்து மூன்றாவது தடவையும் நிறுவியிருக்கிறீர்கள்.

கோடு ஏன் சாய்ந்தது என்றால், அது ஜெர்மன் விசைப்பலகை. அதில் ஒய் இருக்கும் இடமும் இசட் இருக்கும் இடமும் மாறியிருக்கும். குறுங்கோடு அச்சிட்ட விசை, அமெரிக்கப் பலகையில் சாய்கோடு இருக்கும் இடத்தில் இருக்கிறது. நீங்களோ வேறு யாரோ விண்டோஸில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். விசையில் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. ஒய் தட்டினால் இசட் விழுவதைக் கண்டு திருத்தியிருப்பீர்கள், கோடு சாய்ந்தது கண்ணில் படவில்லை. விசைப்பலகையை மட்டும் திரும்ப ஜெர்மனுக்கு மாற்றுங்கள். திரையின் கீழ் வலது மூலையில் மொழிக் குறியைத் தட்டினாலே மாறும். கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் பாதைகளில் வரும் பின்சாய்கோட்டுக்கு ஜெர்மன் பலகையில் ஆல்ட் ஜிஆர் விசையை அழுத்திக்கொண்டு, பூச்சியத்துக்கு வலது பக்கத்து விசையைத் தட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய லப்டொப்பில் படிக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறையப்பேர். கடவுச்சொல் தட்டும்போது எழுத்து தெரியாது என்பதால் இந்த ஒய்-இசட் மாற்றம் அவர்களை நாள்கணக்கில் அலைக்கழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மன் விண்டோஸில் இன்னொரு பொறி. ஃபைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவைத் திறந்தால் "பெனுட்சர்" என்ற ஃபோல்டர் தெரியும். அது காட்டுவதற்கான பெயர் மட்டும்தான். உள்ளே உண்மையான பெயர் எல்லா விண்டோஸிலும் உள்ளதுபோல "யூசர்ஸ்". டெர்மினலில் பெனுட்சர் என்று தட்டினால் அப்படி ஒன்றும் இல்லை என்றே சொல்லும்.

சரி, இப்போது ஸ்டோர் திறக்கிற கதைக்கு வருவோம். ஒரு கட்டளையைத் தட்டினால் விண்டோஸ் கணினி முழுவதையும் தேடாது. "பாத்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்து, முதலில் எதில் கிடைக்கிறதோ அதை ஓட்டும். 2019 மே மாதத்து விண்டோஸ் அப்டேட்டிலிருந்து மைக்ரோசொப்ட் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு ஃபோல்டருக்குள் பைதன் என்ற பெயரிலேயே ஒரு சின்னக் கோப்பை வைத்துவிட்டது. அது உண்மையான பைதன் இல்லை. ஸ்டோரைத் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. புதியவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று செய்தார்கள். ஆனால் பைதனை ஏற்கெனவே நிறுவியவர்களைத்தான் அது அதிகம் குழப்புகிறது.

சிஎம்டி என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து வெயர் பைதன் என்று தட்டுங்கள், வெயர் என்றால் "எங்கே" என்ற ஆங்கிலச் சொல். பவர்ஷெல் என்ற மற்ற டெர்மினலில் வேண்டாம், அங்கே வெயர் என்பது வேறொரு கட்டளை, ஒன்றுமே காட்டாமல் திரும்பிவிடும். சிஎம்டியில் ஒன்றோ இரண்டோ வரி வரும். "விண்டோஸ் ஆப்ஸ்" என்ற ஃபோல்டரைக் காட்டும் வரி மட்டும் வந்தால், உண்மையான பைதன் பட்டியலில் இல்லை. இரண்டு வரி வந்து அந்த ஸ்டோர் வரி மேலே இருந்தால், பைதன் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஸ்டோர் முந்திக்கொள்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், ஆப் எக்ஸிகியூஷன் அலியாஸ் என்ற இடத்தில் பைதன் பெயரில் உள்ள இரண்டு ஆளிகளையும் அணைத்துவிடுங்கள். எக்காரணம் கொண்டும் அந்தக் கோப்பைத் தேடிப்போய் அழிக்க வேண்டாம், ஆளியை அணைத்தால் போதும்.

பைதன் பட்டியலிலேயே இல்லை என்றால், நிறுவும்போது முதல் திரையின் அடியில் இருக்கும் "பாத்தில் சேர்" என்ற சின்னப் பெட்டியை டிக் பண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். அது தானாக டிக் ஆகி வருவதில்லை. இதற்காக எதையும் திரும்ப இறக்கத் தேவையில்லை. ஏற்கெனவே இறக்கிய அதே கோப்பை இன்னொருமுறை ஓட்டுங்கள். இந்தத் தடவை "மொடிஃபை" என்ற தெரிவு வரும். அதற்குள் போய், அடுத்த பக்கத்தில் என்விரொன்மென்ட் வேரியபிள்ஸில் (பாத் இருப்பது அதற்குள்தான்) சேர்க்கவா என்று கேட்கும் பெட்டியை டிக் பண்ணுங்கள்.

இதற்குப் பிறகு பலரும் விடும் பிழை ஒன்று. பாத்தை மாற்றியதும் ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலில் தட்டிப் பார்ப்பார்கள், வேலை செய்யாது. டெர்மினல் திறக்கும் நேரத்தில்தான் அந்தப் பட்டியலை வாசிக்கும், திறந்தபின் வந்த மாற்றம் அதற்குத் தெரியாது. நிரல் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரும் அப்படித்தான், அதற்குள் இருக்கும் டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. விஎஸ் கோடின் எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும்.

அடுத்து, மூன்று தடவை நிறுவியதால் லப்டொப்பில் எத்தனை பைதன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பை -0பி என்று தட்டுங்கள். பை என்பது பைதனின் முதல் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் இருப்பது பூச்சியம், கடைசியில் பைதனின் முதல் எழுத்து. நிறுவியிருக்கும் பைதன் ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டர் என்று வரிசையாக வரும். பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 32 என்று நின்றால் அது 32 பிட் பைதன், அதாவது பழைய வகை. இப்போதைய வழக்கம் 64 பிட்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது பிரச்சினையின் வேர் இருக்கிறது.

பைதனுக்கு லைப்ரரிகளை நிறுவித்தரும் பிப் என்ற கருவி ஒரு லைப்ரரியை இரண்டு விதமாகக் கொண்டுவரும். "வீல்" என்பது கட்டித் தந்த சோற்றுப் பார்சல் மாதிரி, பிரித்தால் சாப்பிடலாம். மற்றது சோர்ஸ், அரிசியும் பருப்பும் மரக்கறியும் தனித்தனியாக வருவது மாதிரி. அதைச் சமைக்க அடுப்பு வேண்டும். உங்கள் படத்தில் "மைக்ரோசொப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 அல்லது அதற்கு மேல் தேவை" என்று வருவது, அடுப்பு எங்கே என்ற கேள்விதான். நீங்கள் அடுப்பு வாங்க ஓடினீர்கள், பல ஜிபி போய்விட்டது. கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு: எல்லாருக்கும் பார்சல் வரும்போது எனக்கு மட்டும் ஏன் அரிசி வந்தது?

பதில் அநேகமாக இரண்டில் ஒன்று. நீங்கள் நிறுவியது 32 பிட் பைதனாக இருக்கும். சில பெரிய லைப்ரரிகள் 32 பிட் விண்டோஸுக்குப் பார்சல் கட்டுவதை நிறுத்திவிட்டன. இல்லாவிட்டால் பைதன் அளவுக்கு மிஞ்சிப் புதிதாக இருக்கும். 2020 இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் பைதனின் புதிய பதிப்பு ஒன்று வருகிறது. அது வந்த அன்றே எல்லா லைப்ரரிக்காரர்களும் அதற்கான வீலைக் கட்டி முடித்திருக்க மாட்டார்கள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். ஆகையால் படிக்கிற பிள்ளைகள் எப்போதும் ஆகப் புதிய பதிப்புக்கு ஒரு படி முந்தியதை எடுங்கள் என்பேன். இணையத்தில் பலர் "லேட்டஸ்ட் போடு" என்பார்கள். லைப்ரரிகளை நம்பி வேலை செய்பவருக்கு அது நல்ல யோசனை இல்லை.

நிச்சயமாகத் தெரியவேண்டுமென்றால், பிப் லைப்ரரிகளை எடுக்கும் பைபிஐ தளத்தில் அந்த லைப்ரரியின் பக்கத்தில் கோப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள், சில நூறு கேபிதான் செலவாகும். கோப்பின் பெயரிலேயே எல்லாம் எழுதியிருக்கும். சிபி312 என்றால் பைதன் 3.12க்கான பார்சல். கடைசியில் வின் என்று தொடங்கி 64 என்று முடிந்தால் 64 பிட் விண்டோஸுக்கு. உங்கள் பைதனோடு பொருந்தும் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சிவப்பு எழுத்து வருவது உறுதி. அப்போது மாற்றவேண்டியது பைதனின் பதிப்பை. அதன் நிறுவி 30 எம்பி அளவுதான். ஜிபிக்கணக்கான சி பிளஸ் பிளஸ் கருவிகள் உங்களுக்கு இப்போதைக்குத் தேவையே இல்லை. பாதி இறங்கிக் கிடக்கும் அதை நீக்கிவிடுங்கள், டிஸ்க்கில் இடமாவது மிஞ்சும்.

சிவப்பு எழுத்தை வாசிக்கும் முறையையும் சொல்லவேண்டும். எல்லாரும் கடைசி வரியைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பிப் கடைசியில் சொல்வது, இந்தப் பிழை வேறொரு வேலையின்போது வந்தது, அநேகமாகப் பிப்பின் குறையல்ல என்பதைத்தான். அதில் பிப் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் பிப்பை அழித்துத் திரும்பப் போட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். மேலே உருட்டிப்போய் "எரர்" என்ற சொல் முதன்முதலாக எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் பிழைதான் காரணம், அதற்குக் கீழே வருவது அதன் விளைவுகள்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் போன்றவற்றின், எம்எஸ்ஐ என்று முடியும் நிறுவிகள் 1603 என்ற எண்ணோடு நின்றுவிடும்போதும் இதே முறைதான். அந்த எண் ஒன்றும் சொல்லாது, நிறுவல் தோற்றது என்பது மட்டும்தான் அதன் பொருள். எம்எஸ்ஐஎக்செக் /ஐ என்று தட்டி, நிறுவிக் கோப்பின் பெயரைக் கொடுத்து, பிறகு /எல்*வி என்று போட்டு, லொக், அதாவது நடந்தவற்றின் பதிவு, எழுதவேண்டிய கோப்பின் பெயரைக் கொடுங்கள். நிறுவல் தோற்ற பிறகு அந்த லொக்கைத் திறந்து "ரிட்டேர்ன் வேல்யூ 3" என்று தேடுங்கள். அந்த வரிக்குச் சற்று மேலே உண்மையான காரணம் இருக்கும். டிஸ்க்கில் இடமில்லை, அனுமதி இல்லை, பழைய பதிப்பு மறிக்கிறது என்று ஏதாவது ஒன்று.

தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சேர்ட்டிஃபிகேட்டின் சரிபார்ப்புத் தோல்வி என்று பிப்போ, நோட் ஜேஎஸுக்கு அதே வேலை செய்யும் என்பிஎம்மோ சொன்னால் எதையும் தொடுமுன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மாங்குளத்தில் ஒரு தம்பியின் பழைய டெஸ்க்டொப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ரவுட்டரை மாற்றி, அன்டிவைரஸை நீக்கி, பைதனை இரண்டு தடவை போட்டுக் களைத்துப்போய் இருந்தான். மூலையில் 2009 ஜனவரி என்று இருந்தது. வன்னியில் அந்தத் தேதியை எதிர்பாராமல் கண்டால் யாருக்கும் ஒரு கணம் நெஞ்சு நின்றுதான் போகும், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு பெட்டியைக் கழற்றி, மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரியை எடுத்தோம், சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். அது செத்துப்போயிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் மதர்போர்டின் ஆரம்பத் தேதிக்கே திரும்பிவிடும். அந்தத் தேதியில் நின்று பார்த்தால் இன்றைய சேர்ட்டிஃபிகேட்டுகள் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் கணினி எந்தத் தளத்தையும் நம்ப மறுக்கிறது. மணிக்கூட்டுக் கடையில் வாங்கிய பற்றரி ஒன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது. சேர்ட்டிஃபிகேட் சோதனையையே நிறுத்திவிடச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கதவு திறக்கவில்லை என்று பூட்டையே கழற்றி எறிகிற வேலை அது.

இனி, இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் எப்படி இறக்குவது என்று பார்ப்போம். மரங்களுக்கு நடுவில் சிக்னல் ஒரு கோடும் இரண்டு கோடுமாக ஆடும் வீட்டில் பிப் பாதியில் நிற்பது பிப்பின் குற்றமல்ல. அது 15 விநாடி பதில் வராவிட்டால் தொடர்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளும். கட்டளையின் முடிவில் --டைம்அவுட் 120 என்று சேர்த்தால் பொறுமையாகக் காத்திருக்கும். பெரிய கோப்பு பாதியில் அறுந்தால் பழைய பிப் பதிப்புகள் திரும்பவும் ஆரம்பத்திலிருந்துதான் தொடங்கும். ஆகவே ஒரே கட்டளையில் பத்து லைப்ரரிகளைக் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முழுதாக இறங்கி முடிந்தவை கேஷ் என்ற பிப்பின் சேமிப்பில் தங்கும், அவற்றுக்கு மறுபடி டேட்டா போகாது. பெரிய நிறுவிகளுக்கு விண்டோஸ் 10இலேயே இருக்கும், கோப்புகளை இறக்கும் கேர்ள் (சியூஆர்எல்) கட்டளையைப் பாவியுங்கள். கேர்ள் -எல் -சி - -ஓ என்று போட்டு இணைப்பு முகவரியைக் கொடுத்தால், அறுந்த இடத்திலிருந்தே தொடரும். இதில் எல், சி, ஓ மூன்றும் பெரிய எழுத்து. சி-க்குப் பிறகு தனியாக ஒரு குறுங்கோடு வருவதைக் கவனியுங்கள். உங்கள் பொதியில் இரவு டேட்டா இருந்தால் அதை இதற்கென்றே வைத்திருங்கள். கோப்பு இறங்கி முடிந்ததும் "சேர்ட்யூட்டில்" என்ற கட்டளையோடு -ஹாஷ்ஃபைல், கோப்பின் பெயர், எஸ்எச்ஏ256 என்று தட்டி வரும் நீண்ட எண்ணைத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கோப்பு உடைந்து வந்திருக்கிறது. நிறுவிப் பார்த்து நேரத்தை வீணாக்கத் தேவையில்லை.

இதைவிட நல்ல வழி, ஒருவர் இறக்கிப் பலர் பாவிப்பது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நல்ல இணைப்பு உள்ள தோழி ஒருவர் பைதன் -எம் பிப் டவுன்லோட் பாண்டாஸ் -டி (டவுன்லோடின் முதல் எழுத்து) என்று தட்டி ஒரு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால், அதற்குத் தேவையான எல்லா வீல்களும் அந்த ஃபோல்டருக்குள் வந்துவிடும். பென் டிரைவில் கொண்டுவந்து பைதன் -எம் பிப் இன்ஸ்டோல் --நோ-இன்டெக்ஸ் --ஃபைன்ட்-லிங்க்ஸ் என்று போட்டு, அந்த ஃபோல்டரையும் லைப்ரரியின் பெயரையும் சொல்லுங்கள். இணையமே இல்லாமல் நிறுவிவிடும். இரண்டு பேரிடமும் ஒரே பைதன் பதிப்பும் ஒரே 64 பிட்டும் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் தோழியின் வெர்ச்சுவல் என்விரொன்மென்ட் ஃபோல்டரை, அதாவது ஒரு வேலைக்கென்று தனியாக வைத்திருக்கும் பைதன் ஃபோல்டரை, அப்படியே கொப்பி பண்ணிக் கொண்டுவர வேண்டாம். அதற்குள் அவருடைய கணினியின் பாதைகள் எழுதப்பட்டிருக்கும், உங்களிடம் ஓடாது.

4 ஜிபி ரேமைப் பற்றி: பைதன் படிக்க அது தாராளம். அன்ட்ரொய்ட் ஸ்டூடியோ மட்டும் வேண்டாம், அது குறைந்தது 8 ஜிபி கேட்கும். விஎஸ் கோட் சுமையாகத் தெரிந்தால் தொனி என்ற எடிட்டரைப் பாருங்கள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கென்றே உருவாக்கினார்கள். அதற்குள்ளேயே ஒரு பைதன் இருப்பதால் பாத் தொல்லையே இல்லை. விஎஸ் கோடிலேயே இருக்க விரும்பினால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், பைதனின் முதல் எழுத்தான பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, செலக்ட் இன்டர்பிரிட்டர் என்று தேடி, எந்தப் பைதன் என்று நீங்களே காட்டிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்று யாராவது பயமுறுத்தலாம். அது பாதுகாப்பு அப்டேட் பற்றிய விஷயம், கவனிக்கவேண்டியதுதான். ஆனால் உங்கள் பைதன் ஓடாததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்று செய்யவேண்டியது இவ்வளவுதான்: விசைப்பலகையை ஜெர்மனுக்கு மாற்றுங்கள், இரண்டு ஆளிகளையும் அணையுங்கள், புதிய சிஎம்டி ஒன்றைத் திறந்து வெயர் பைதன், பை -0பி இரண்டையும் தட்டுங்கள். வருவதைப் படம் எடுக்காமல் எழுத்தாகவே கொப்பி பண்ணி அனுப்புங்கள். சாளரத்துக்குள் மவுஸால் இழுத்துத் தெரிவு செய்து என்டர் அடித்தால் கொப்பி ஆகிவிடும். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எந்தப் பைதனை வைத்திருப்பது, எவற்றை நீக்குவது என்று சொல்கிறேன். அதுவரை எதையும் இறக்க வேண்டாம். உங்கள் பைதன் பதிப்புக்கான பாண்டாஸ் வீல்களை நானே ஒரு பென் டிரைவில் போட்டு, புதுக்குடியிருப்புப் பக்கம் வரும்போது தருகிறேன்.